கரடிக்குக் கேட்கும்படி

ஃபகராஷ் மலையடிவாரக் குடிலில்
சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்த சவேட்டா
எங்கள் பைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"ராஸ்ப்பெரி பழுத்திருக்கிற மாதம்.
பேசிக்கொண்டே நடங்கள்.
நீங்கள் வருவது தெரிந்தால் கரடி தானே விலகிவிடும்.
சத்தமில்லாமல் வருகிறவர்களைத்தான்
அதற்கு ஆகாது."

ஒலிம்பியு என்னைப் பார்த்தான்.
நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

இரண்டு வருடம் ஏழு மாதமாக
அண்ணனும் நானும் பேசியதெல்லாம் வக்கீல்கள் வாயால்.
பிரஷோவில் அப்பா விட்டுப்போன வீடு, மூன்றாம் மாடி.
வழக்குப் பட்டியலில் எழுதாமல் விட்டுப்போன ஒரே பொருள்
இந்தக் கூடாரம்.
இருவர் படுக்கலாம், புரளாமல்.

முதல் நாள்
அவன் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னான்.
நான் புக்கரெஸ்ட் ரயில் நிற்கும் ஊர்களைச் சொன்னேன்,
ப்ரெடியால், புஷ்தெனி, சினாயா,
தீர்ந்ததும் திரும்பவும் ப்ரெடியால்.
ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லவில்லை.
ஆனாலும் கரடிக்கு அது பேச்சுதான்.

சாயங்காலம் உணவுப் பையை மரத்தில் ஏற்றினோம்.
பற்பசை, சோப்பு, உதட்டுக்குப் பூசும் மெழுகு,
மணக்கிற எல்லாம் அதற்குள்.
கூடாரத்திலிருந்து நூறு எட்டு.
அவன் கல்லைக் கட்டிய கயிற்றை வீசினான்.
மூன்றாம் முறைதான் கிளையைத் தாண்டியது.

நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தான்.
சட்டைப் பையில் ஒரு மிட்டாய் கிடந்ததாம்.
டார்ச்சோடு வெளியே போனான்.
பதினேழாம் வாய்ப்பாடு தூரம் போவதையும்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டதையும்
பிறகு திரும்பி வருவதையும்
கேட்டபடி படுத்திருந்தேன்.
தூங்குவது போலத்தான்.

இரண்டாம் நாள் கரடி வரவில்லை, நாய்கள் வந்தன.
ஆட்டுமந்தையைச் சுற்றி ஐந்து, வெள்ளை, கன்றுக்குட்டி உயரம்.
ஓடக் கூடாது. கண்ணைப் பார்க்கக் கூடாது.
கைத்தடியை ஓங்கக் கூடாது.
முதுகோடு முதுகாக நின்றோம்,
அவன் பையின் கொக்கி என் பையில் மாட்டிக்கொண்டு.
இடையன் க்ளிகோர் சிகரெட்டை முடித்துவிட்டுத்தான்
சீட்டியடித்தான்.
கொக்கியை விடுவிக்க வெகுநேரம் ஆயிற்று.

மூன்றாம் நாள் ஊர்ப்பெயர்கள் அலுத்துவிட்டன.
எங்கே ஆரம்பித்ததென்று தெரியாது.
ஆஸ்பத்திரிக்கு யார் வந்தார்கள்,
யார் வரவில்லை,
யார் போனை எடுக்கவில்லை.
பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது.
அன்று காலை அந்த மலையில்
எங்களைவிடப் பத்திரமாக யாரும் நடந்திருக்க முடியாது.

பிறகு இருவருக்கும் தொண்டை கட்டிப்போயிற்று.

ஓடைச் சத்தம். எதிர்க்காற்று. ஒரு திருப்பம்.
ராஸ்ப்பெரிப் புதருக்கு மேலே
ஒரு பழுப்புத் தலை.
இருபத்தைந்து எட்டு இருக்கும்.
அதற்குப் பின்னால் இரண்டு குட்டிகள்,
ஒன்றின் மூக்கெல்லாம் சிவப்புச் சாறு.

ஸ்ப்ரேயின் பூட்டுக்கண்ணியைக் கழற்றினேன்.
காற்று எங்கள் முகத்தில் அடித்தது,
அழுத்தினால் பாதி எங்களுக்கே திரும்பும்.
ஓடாதே. முதுகைக் காட்டாதே.
தாழ்ந்த குரலில் ஏதாவது பேசு.
ஒலிம்பியு பேசினான்.
காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுகிற குரல்,
அவனிடம் அது இருப்பதே எனக்குத் தெரியாது:
"சரி. சரிம்மா.
வீட்டை நீயே வைத்துக்கொள்.
எனக்கு வேண்டாம்.
நாங்கள் போய்விடுகிறோம். இதோ போகிறோம்."

ஓர் எட்டு பின்னால். இன்னும் ஓர் எட்டு.
கரடி மூச்சை ஊதியது, ஒரே ஒரு தரம்.
குட்டிகளை உருட்டிக்கொண்டு
புதருக்குள் இறங்கிப் போயிற்று.

அவன் யாரிடம் சொன்னான் என்று
நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

மாலையில் வேறொரு மரம், அதே கயிறு.
பை கனம் குறைந்திருந்தது.
முதல் வீச்சிலேயே கிளையைத் தாண்டிற்று.
முனையை என் கையில் கொடுத்து
"இழு" என்றான்,
தேவைக்கு மேல் சத்தமாக.